வீட்டுக்கு ஒரு விரல்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக உணவு வரலாற்றில் நடந்த பெரிய சம்பவம், வாழ்வியல் நோய் உணவு மாற்று வாரியம் கொல்லிமலைக்கு வந்ததுதான். இதைச் சொன்னவர் அந்த வாரியத்தின் இயக்குநர் முனைவர் அருணாசலம். மலையின் சந்தை ஊரான சோளக்காட்டில் பலாப்பழக் குவியலுக்கும் பஸ் நிற்கிற இடத்துக்கும் நடுவே போட்ட மேடையில் நின்று, மைக்கைத் தன் வாய் உயரத்துக்கு இழுத்துக்கொண்டு சொன்னார். இன்னும் ஆறு மாதத்தில் இந்த மலையில் ஒரு சர்க்கரை நோயாளிகூட இருக்க மாட்டார் என்றார். தன் இரத்தத்தில் சர்க்கரை பிறந்ததிலிருந்து எண்பத்தெட்டைத் தாண்டியதில்லை என்றார். அதைத் தாண்டியவன் தன் வாயை ஆளத் தெரியாதவன், அவனுக்குக் கொடுக்கிற ஒவ்வொரு மாத்திரையும் நாட்டுக்கு அவமானம் என்றும் சொன்னார். கீழே இருந்தவர்கள் கை தட்டினார்கள். தட்டாதவர்களுக்குத் தொப்பி கிடையாது என்று முன்பே அறிவித்திருந்தார்கள்.

பேசி முடித்ததும் இயக்குநர் இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு ஜீப்புக்குப் பின்னால் ஒதுங்கினார். பேச்சுக்கு முன்பும் ஒதுங்கியிருந்தார். முதல் முறை ஒதுங்கிய இடத்தில் எறும்புகள் வரிசை கட்டியிருந்தன. இரண்டாம் முறைக்கு அவை காத்திருந்தன என்றே சொல்ல வேண்டும்.

ஊர்த்தொகுதியை நாடு என்று சொல்கிற அந்த மலையில், வாழவந்தி நாட்டுச் செங்கோடனும் தொப்பி வாங்கியவர்களில் ஒருவர். மரவள்ளி, சாமை, கொஞ்சம் மிளகு என்று சொந்தக் காட்டில் பாடுபடுகிறவர். ஆள் நல்ல கனம். சர்க்கரை முந்நூற்று நாற்பது என்று அடிவாரத்து ஆஸ்பத்திரியில் சொல்லி, காலையும் இரவும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். வலது கால் கட்டை விரலில் முள் குத்திய புண் ஒன்று ஆறாமல் இருந்தது. மாத்திரையை விடக்கூடாது, அரிசிச் சோற்றைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் விரலில் ஆரம்பித்து காலில் முடியும் என்று அங்கே டாக்டர் சொல்லியிருந்தார்.

செங்கோடனுக்கு அந்த விரல் சாதாரண விரல் இல்லை. மிளகுக் கொடி படர்ந்த சவுக்கு மரத்தில் ஒற்றை மூங்கிலைச் சாய்த்து ஏறும்போது, கணுவில் ஊன்றுவது அந்தக் கட்டை விரல்தான். அது போனால் மரம் போச்சு, மரம் போனால் மிளகு போச்சு. ஆகவே அந்தக் கூட்டத்தில் தொப்பிக்காக வராமல் காலுக்காக வந்த ஒரே ஆள் அவர்தான்.

பேச்சுக்கு அடுத்தது உறுதிமொழி. எல்லோரும் கிழக்கே பார்த்து நின்று, இடது கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, அரிசிச் சோற்றை வாயாலும் மனத்தாலும் தீண்ட மாட்டேன் என்று சொன்னார்கள். பிறகு பொதுமக்களுக்குக் காகிதக் குவளையில் கஞ்சி வந்தது. அதிகாரிகளின் பந்தலுக்குள் பிரியாணி அண்டா போனது. மூடியைத் திறந்தபோது வாசம் சந்தை முழுக்கப் பரவியதால், இயக்குநர் மறுபடி மைக்கைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

“எதை நீங்கள் விட வேண்டுமோ அதை நாங்கள் முழுமையாக அறிந்திருக்க வேண்டும்” என்றார். “உங்களுக்காகத்தான் நாங்கள் அதைச் சாப்பிடுகிறோம்.”

மக்களுக்கு இது நியாயமாகப் பட்டது.

அடுத்ததாகத் திரை கட்டிப் படம் போட்டார்கள். சாமைக் கதிர் ஒன்று ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. இதுதான் அந்த அற்புத தானியம், இதன் பெயர் சாமை என்று வாரியத்தின் கள அலுவலர் குணசேகரன் ஒரு குச்சியால் தொட்டுக் காட்டினார். செங்கோடனின் மனைவி மாதம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, “நம்ம காட்டுல நிக்கறதுதானுங்களே. இதக் காட்டவா கரண்டு வெச்சுப் படம் போடறாங்க” என்றாள்.

செங்கோடன் எழுந்தார். “ஏனுங்க, எங்கூட்டுல ரெண்டு மூட்ட சாமை கெடக்குதுங்க. அதையே தின்னா ஆகாதுங்களா?”

இத்தனை பெரிய அறியாமையை நேரில் பார்க்கும் வாய்ப்பு இயக்குநருக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

“பெரியவரே, உங்கள் வீட்டில் இருப்பது சாமை இல்லை. சாமை போல இருக்கிற ஒரு பொருள். எப்போது வாரியத்தின் முத்திரை அதன் மேல் விழுகிறதோ அப்போதுதான் அது சாமை ஆகிறது. சான்று இல்லாத சாமையைச் சாப்பிட்டு, நாளைக்கு உங்களுக்குக் குணமாகிவிட்டால், அந்தக் குணத்துக்கு யார் பொறுப்பு?”

செங்கோடன் யோசித்துப் பார்த்தார். அவரால் அந்தப் பொறுப்பை ஏற்க முடியவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரமே வாரியத்தின் லாரி வந்து மலையில் இருந்த சாமை முழுவதையும் வாங்கி ஏற்றிக்கொண்டு முள்ளுக்குறிச்சி வழியாகக் கீழே இறங்கியது. சாமை சில காலம் சமவெளியில் தங்கிச் சான்று பெற்றது. பிறகு ‘நலமுது’ என்ற பெயரில், பளபளக்கும் பொட்டலங்களாக, வந்த வழியே மலை ஏறியது. பொட்டலத்தின் மேல் மூங்கிலில் ஏறிச் சிரிக்கிற ஒரு விவசாயியின் படம் இருந்தது. அவர் பேண்ட் போட்டிருந்தார்.

செங்கோடனின் மருமகள் கவிதா பன்னிரண்டாவது வரை படித்தவள். பொட்டலத்தைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தாள்.

“மாமா, மொதல்ல மைதான்னு போட்டிருக்குதுங்க. ரெண்டாவது சர்க்கரை. அப்பறம் பால் பவுடரு, ஏலக்கா வாசன. சாமை கடேசீலதான் இருக்குது, உப்புக்கு முன்னால.”

“உப்புக்கு முன்னாலயாச்சும் இருக்குதே கண்ணு” என்றார் செங்கோடன்.

பொட்டலம் கொடுக்க வந்த குணசேகரனிடம் கவிதா இதையே கேட்டாள். குணசேகரன் கோபித்துக்கொள்ளவில்லை. பயிற்சியில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ருசி இல்லாவிட்டால் மக்கள் சாப்பிட மாட்டார்கள், சாப்பிடாவிட்டால் உணவு மாற்றம் நடக்காது, முதலில் மாறட்டும், எதற்காக மாறினோம் என்பதை இரண்டாம் கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

செங்கோடன் சொன்ன சொல் தவறாதவர். அரிசிச் சோற்றை அடியோடு விட்டார். மூன்று வேளையும் நலமுதைக் கரைத்துக் குடித்தார். மருந்து இவ்வளவு ருசியாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் நோயை இன்னும் கொஞ்சம் முன்னாலேயே வரவழைத்திருக்கலாம் என்று காட்டு வரப்பில் நின்று பக்கத்துக் காட்டுக் காளியண்ணனிடம் சொன்னார். தாகம் அதிகமாயிற்று. ராத்திரிக்கு நாலு தடவை எழுந்து போனார். உடம்பில் இருக்கிற கெட்டது வெளியேறுகிறது என்று நலமுதுப் பொட்டலத்திலேயே அதற்கு விளக்கம் போட்டிருந்தது.

இதற்கு நடுவே தட்டுத் திட்டம் வந்தது. வீட்டுக்கு ஒரு தட்டு. தட்டில் பச்சை, மஞ்சள், வெள்ளை என்று கோடு போட்டுப் பிரித்திருந்தார்கள். பச்சையில் கீரை, மஞ்சளில் பருப்பு, வெள்ளையில் நலமுது. ஒன்று இன்னொன்றின் எல்லைக்குள் போகக்கூடாது. ரசம் எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதில் வாரியத்துக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்ததால், முடிவு தெரியும் வரை ரசத்தை நிறுத்தி வைத்தார்கள். மாதம்மாள் அந்தத் தட்டில் கோழிக்குத் தீனி வைத்தாள். கோழிகள் எல்லையை மதிக்கவில்லை.

ஆறு மாதம் முடியும் சமயத்தில் ஒரு மைக் செட் ஆட்டோ ஊர் ஊராக வந்தது. திட்டத்தின் வெற்றியை அளக்கப் போகிறார்கள், வீட்டுக்கு ஒருவர் வந்து இரத்த மாதிரி கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போயிற்று.

மாதிரி கொடுப்பது என்றால் என்னவென்று கொல்லிமலைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சோளக்காட்டு மிளகு வியாபாரி மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுப்பார். உள்ளங்கையில் போட்டு உருட்டுவார், ஒன்றைக் கடிப்பார். அந்தப் பிடி எப்படியோ அப்படித்தான் மூட்டையின் தலையெழுத்து. ஆகவே மூட்டை கட்டுகிற வீட்டில், முந்தின நாளே நல்ல கறுப்பாக, கல் போல இருக்கிற மிளகைப் பொறுக்கி மூட்டை வாயில் வைப்பார்கள். இதை யாரும் ஏமாற்று என்று நினைப்பதில்லை. வாங்க வருகிற மனுசனிடம் சொத்தையைக் காட்டுவதுதான் மரியாதைக் குறைவு. மாதிரி தேறினால் மூட்டை தேறியது. அதுதான் சோளக்காட்டு நியாயம்.

அன்று சாயங்காலம் வாழவந்தி நாட்டில் வீட்டுக்கு வீடு ஆலோசனை நடந்தது. யாருடைய இரத்தம் நல்ல இரத்தம் என்பதில் சில வீடுகளில் சண்டை வந்தது. செங்கோடன் வீட்டில் சண்டை இல்லை.

“உங்க ரத்தத்தக் கொண்டு போய் நீட்டுனா ஊட்டு மானம் போயிருமுங்க” என்றாள் மாதம்மாள். “கவிதா போவட்டும். மரவள்ளி மூட்டயத் தூக்கிட்டு மேட்டுல ஓடறவ. நல்லதாப் பாத்துத்தானே குடுக்கோணும்.”

“மாமாவுக்குத்தானுங்க அத்த நோயி” என்றாள் கவிதா.

“அது அவங்களுக்குத் தெரியாதா? படிச்சவங்க. ஊட்டுக்கு ஒருத்தர்னுதானே சொல்றாங்க, நோயாளி வாங்கன்னா சொன்னாங்க?”

மறுநாள் பள்ளிக்கூடத்தில் நின்ற வரிசையைப் பார்த்தவர்களுக்கு இராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்களோ என்று தோன்றியிருக்கும். கொடி போல இருக்கிற மருமகள்கள், மரம் ஏறுகிற மகன்கள், அடுத்த வாரம் கல்யாணம் வைத்திருந்த ஒரு மாப்பிள்ளை. தொந்தி என்று ஒன்று வரிசையில் இல்லை. குணசேகரன் தலை நிமிராமல் கைக்கணினியில் குடும்பத் தலைவர் பெயரைத் தட்டிக்கொண்டிருந்தார். விரலை நீட்டியது யார் என்று பார்க்கிற கட்டம் அந்தக் கணினியில் இல்லை. செங்கோடன் என்ற பெயருக்கு நேரே கவிதாவின் வலது கை விரல் இரத்தமும் கவிதாவின் எடையும் ஏறின. சர்க்கரை எண்பத்தெட்டு. எடை நாற்பத்து மூன்று கிலோ.

முந்தைய கணக்கு ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த வாரியம் ஒரு கணம் தன்னைப் பார்த்தே பயந்துபோனது. மலை முழுவதும் குணமாகியிருந்தது. எழுபது வயதுக் கிழவர்கள் இருபது வயது இரத்தத்தோடு இருந்தார்கள். அதிலும் செங்கோடன் முந்நூற்று நாற்பதிலிருந்து எண்பத்தெட்டுக்கு, இயக்குநரின் சொந்த எண்ணுக்கே, இறங்கியிருந்தார். எடையில் பாதி ஆள் காணாமல் போயிருந்தார்.

பாராட்டு விழாவுக்கு அவரை மேடையில் ஏற்றினார்கள். நாற்காலி முனகியது. இயக்குநர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார், செங்கோடனைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். படித்தவர் என்பதால் அட்டையை நம்பினார்.

“நாற்பது கிலோ குறைந்திருக்கிறார்” என்று மைக்கில் சொன்னார். “உங்கள் கண்ணுக்கு அது தெரியாது. இது உள் எடை. வெளி எடை என்பது வெறும் தோற்றம்.”

கைதட்டல் ஓய்ந்ததும் மாத்திரை விடுதலை நிகழ்ச்சி ஆரம்பித்தது. மேடையில் ஒரு வெண்கலப் பானையை வைத்து மாலை போட்டிருந்தார்கள். குணமானவர்கள் வரிசையாக வந்து தங்கள் மாத்திரை அட்டைகளை அதில் போட வேண்டும். மலையில் சர்க்கரை மாத்திரை கொடுக்கிற வேலையும் அப்போது வாரியத்தின் கைக்கு வந்திருந்தது. பானையில் அட்டை விழுந்ததும் பட்டியலில் அந்தப் பெயரை அடித்துவிடுவார்கள்.

செங்கோடன் பானை வரைக்கும் போய் நின்றார். சட்டைப்பையில் வைத்த கையை எடுக்கவில்லை.

“ஏனுங்க சார், மாத்திரை மட்டும் இருந்துட்டுப் போவட்டுங்களே. கால்ல புண்ணு இன்னும் ஆறலீங்க.”

“எண்பத்தெட்டு உள்ளவருக்குப் புண் இருக்காது” என்றார் இயக்குநர். “உங்களுக்கு இருப்பது புண் இருக்கிறது என்ற நினைப்பு. அதையும் இந்தப் பானையில் போடுங்கள்.”

எல்லோரும் சிரித்தார்கள். செங்கோடனும் சிரித்தார். மூட்டை தேறிவிட்டது என்று வியாபாரியே சொல்லும்போது, இல்லை, அடியில் சொத்தை இருக்கிறது என்று எந்த விவசாயி சொல்வான்? அட்டை பானைக்குள் விழுந்தது. பொன்னாடை தோளில் விழுந்தது. நினைப்பை மட்டும் அவர் செருப்புக்குள் வைத்துக்கொண்டு நொண்டியபடி இறங்கினார்.

அந்த நினைப்பு மழை பிடிப்பதற்குள் கறுத்துவிட்டது. பிறகு நாறியது. மாதம்மாள் மஞ்சள் வைத்துக் கட்டினாள். கவிதா வேலையை விட்டுவிட்டு வாரியத்தின் சோளக்காட்டு அலுவலகத்துக்கு நடந்து நடந்து செருப்பைத் தேய்த்தாள். மாத்திரை கேட்டவளிடம் குணசேகரன் பொறுமையாக விளக்கினார். மலையில் நோயாளிகளே இல்லை, இல்லாத நோயாளிக்கு மாத்திரை கொடுத்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டி வரும். ஆளையே கூட்டி வந்து கட்டை அவிழ்த்துக் காட்டியபோது, குணசேகரன் மூக்கைப் பொத்திக்கொண்டு சிறிது நேரம் ஆராய்ந்தார். காட்டு மண் பட்டு வந்த சமாசாரம் போலத் தெரிகிறது, வேளாண்மை அலுவலகத்தைப் பார்ப்பதுதான் முறை என்றார்.

அன்று இயக்குநர் அங்கே வந்திருந்தார். உள்ளறையில் ஒரு மலை வாழைச் சீப்பை ஆய்வு செய்துகொண்டிருந்தார். பழம் எதுவும் மிச்சமில்லாத நிலையில் வெளியே வந்தவரைக் கவிதா மறித்தாள். இப்போதே, இங்கேயே, மாமாவின் விரலில் குத்திப் பார்க்கச் சொன்னாள். மெஷின் எண் எதையும் காட்டவில்லை. என் அளவுக்கு மேல் இருக்கிறது என்று இரண்டு எழுத்தைக் காட்டியது. மெஷினுக்கு உடம்பு சரியில்லை என்றார் இயக்குநர். வேறு மெஷின் கொண்டுவந்தார்கள். அதற்கும் அதே நோய் கண்டிருந்தது.

இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார். “ஏம்மா, போன தடவை இவர் கையில்தானே குத்தினார்கள்?”

“இல்லீங்க. எங்கையிலதானுங்க.”

“உன் கையிலா?”

“ஊட்டுக்கு ஒருத்தர் மாதிரி குடுக்கோணும்னு மைக்குல சொன்னீங்களே. நல்லதாப் பாத்துத்தானுங்களே குடுக்கோணும். எல்லா ஊட்டுலயும் அப்பிடித்தானுங்க குடுத்தாங்க.”

இயக்குநர் கவிதாவின் விரலையும் செங்கோடனின் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இயக்குநர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் சிரித்தது, அப்புறம் வயிறு சிரித்தது, கடைசியில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“குணசேகரன், கேட்டீர்களா? இரத்தத்தை மிளகு என்று நினைத்திருக்கிறார்கள். பொறுக்கி எடுத்து மூட்டை வாயில் வைத்திருக்கிறார்கள். மருமகள் இரத்தத்தைக் கொடுத்தால் மாமனாருக்குக் குணமாகுமாம். இவர்களை வைத்துக்கொண்டு நாம் என்ன திட்டம் போட்டு என்ன? ஆடு மாடுகூட தன் இரத்தத்தைத் தானே கொடுக்கும். அடுத்தவள் விரலை நீட்டுகிற புத்தி மனுசனுக்கு வருமா?”

செங்கோடன் கட்டவிழ்த்த காலோடு நின்றுகொண்டிருந்தார். தான் ஏதோ வேடிக்கை செய்துவிட்டது தெரிந்து, மரியாதைக்காக அவரும் லேசாகச் சிரித்தார்.

“அப்ப கணக்க மாத்திக்கலாமுங்களே” என்றாள் கவிதா.

அது எப்படி முடியும் என்றார் இயக்குநர். அறிக்கை தலைநகருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. விருது தர ஒரு குழுவே புறப்பட்டு வரப்போகிறது. ஒரு காலுக்காக ஒரு மலையின் ஆரோக்கியத்தைக் கெடுக்க முடியாது. சரி, வாசலில் நிற்கிற ஜீப்பிலாவது மாமாவைக் கீழே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்று கவிதா கேட்டாள்.

“குணமான ஆள் வாரியத்து ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போவதை வழியில் நாலு பேர் பார்த்தால் என்னம்மா நினைப்பார்கள்? பஸ்ஸில் போகட்டும். பஸ்ஸில் ஆரோக்கியமானவர்களும் போகிறார்கள்.”

பஸ்ஸில் போனார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் கால் எதிலும் இடித்துவிடாமல் இருக்க, கவிதா அதை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து சீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து முன்பக்கம் போனார்கள். கீழே டாக்டர் பார்த்த உடனேயே முழங்காலுக்குக் கீழ் எடுத்தாக வேண்டும் என்றார். போன மாதம் வந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்றார். மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டார். செங்கோடன் பொன்னாடையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். டாக்டருக்கு நேரம் இல்லை.

ஊருக்குத் திரும்பியவரை வாரியம் மறந்துவிடவில்லை. குணசேகரன் தொடர் கண்காணிப்புக்கு வந்து எடை பார்த்தார். எடை மேலும் குறைந்திருந்தது. திட்டத்தின் பயன் தொடர்கிறது என்று கைக்கணினியில் ஏற்றினார்.

செங்கோடன் இப்போது வாசலில் உட்கார்ந்து மிளகுக் கொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொடி பழுத்து உதிர்ந்தது, மூங்கில் மரத்தில் சாய்ந்தபடியே நின்றது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை தீர்கிற நிலையில் இருந்தது. மாத்திரை விட்டுப்போனால் அடுத்த காலும் இதே வழிதான் என்று டாக்டர் கவிதாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். மலையில் மாத்திரை தர வேண்டிய வாரியத்தின் பட்டியலில் செங்கோடன் இன்னும் குணமானவராகவே இருந்தார். இயக்குநர் மட்டும் அவரைப் பல ஊர்களுக்குக் கொண்டுபோனார். எந்த மேடையில் பேசினாலும் இரத்தத்தை மிளகாக்கிய மலைவாசிகளின் கதையை, எந்த மலை என்று சொல்லாமல், சொல்லிச் சிரிக்க வைத்தார். அடுத்தவள் விரலை நீட்டுகிற புத்தி என்ற இடத்தில் கூட்டம் கட்டாயம் சிரித்தது.

விருதுக் குழு வந்தது. சோளக்காட்டுப் பள்ளிக்கூடத்தில் பந்தல், வாழை மரம், செண்டை மேளம். சமையலுக்கும் பாத்திரம் கழுவவும் வாழவந்தி நாட்டுப் பெண்கள் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். கவிதாவும் வந்திருந்தாள். வகுப்பறைக்குப் பக்கத்துச் சாமான் அறையில், மாலையோடு வெண்கலப் பானை இருக்கிற மூலையில் உட்கார்ந்து, எச்சில் தட்டுகளை வழித்துக்கொண்டிருந்தாள். தட்டுகளில் பச்சை, மஞ்சள், வெள்ளைக் கோடுகளைத் தாண்டிப் பிரியாணி பரவியிருந்தது.

குழுத் தலைவர் நல்ல மனிதர். இயக்குநரின் எண்பத்தெட்டைப் பற்றி அவர் நிறையக் கேள்விப்பட்டிருந்தார். இப்படிப்பட்ட ஒருவரின் இரத்தத்தை விட்டுவிட்டு ஊரார் இரத்தத்தை அறிக்கையில் சேர்ப்பது மரியாதை இல்லை என்று அவருக்குத் தோன்றியது. முதல் மாதிரி இயக்குநருடையதாக இருக்கட்டும், விருதுப் பத்திரத்திலேயே அந்த எண்ணைப் பொறிக்கலாம், நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் எடுத்து வையுங்கள் என்று மைக்கில் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார். ஊர் கை தட்டியது. இயக்குநரும் தட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு ஜீப்புக்குப் பின்னால் போய்விட்டு வந்தார். எறும்புகளை அன்றைக்குத்தான் அவரும் பார்த்தார்.

சாமான் அறைக்கதவு திறந்தது. இயக்குநரும், ஊசிப்பெட்டியோடு குணசேகரனும் உள்ளே வந்தார்கள். குணசேகரன் கதவைச் சாத்தினார். இயக்குநரின் கண் அறையைச் சுற்றி வந்து கவிதாவிடம் நின்றது. இதுவரை அவளை ஏம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், மலையின் பாஷையை அந்த நிமிடம் கற்றுக்கொண்டார்.

“கண்ணு, இங்க கொஞ்சம் வா சாமி.”

கவிதா எழுந்தாள். ஊசிப்பெட்டியைப் பார்த்தாள், அவருடைய நெற்றி வியர்வையைப் பார்த்தாள். கையைக் கழுவி முந்தானையில் துடைத்தாள். ஆனால் நீட்டவில்லை.

“மொதல்ல எங்க மாமா பேர நோயாளின்னு எழுதுங்க” என்றாள்.

குணசேகரன் திடுக்கிட்டு இயக்குநரைப் பார்த்தார். ஒரு பெயர் ஏறினாலும் நூற்றுக்கு நூறு போய்விடும். இயக்குநர் பந்தலிலிருந்து வருகிற பந்தி பரிமாறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எழுதுங்கள்” என்றார். “ஒரே ஒரு நோயாளி இருந்தால்தான் அறிக்கைக்கு நம்பகத்தன்மை.”

குணசேகரன் கைக்கணினியில் தட்டினார். கவிதா எட்டிப் படித்துப் பார்த்தாள். மாத்திரை என்றாள். கையிருப்பு இல்லையே என்றார் குணசேகரன். அவள் மூலையில் இருந்த வெண்கலப் பானையைக் காட்டினாள். ஊரே விடுதலை பெற்ற மாத்திரைகள் மாலைக்கு அடியில் அப்படியே இருந்தன. அவள் அதன் முன்னால் உட்கார்ந்து, அட்டைகளைத் திருப்பித் தேதி பார்த்து, மாமனாருடைய மாத்திரையை மட்டும் நிதானமாகப் பொறுக்கி எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வெளியே குழுவுக்குப் பாயசம் வந்துவிட்டது போலிருந்தது. இயக்குநர் இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

குணசேகரன் அவளுடைய வலது கையைப் பிடித்தார். கவிதா இழுத்துக்கொண்டாள்.

“அந்தக் கை மாமாவுதுங்க” என்றாள். “சாருக்கு எடது கையில எடுத்துக்கங்க.”

இடது கையை நீட்டினாள். இயக்குநர் சிரிக்கவில்லை. எந்த விரலில் குத்தலாம் என்று குணசேகரன் கேட்டார். முனைவர் அருணாசலம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து, சாணமும் சாம்பலும் மரவள்ளி மண்ணும் ஏறிய அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, லேசாக உருட்டிப் பார்த்தார்.

“நல்லதாப் பார்த்து எடுங்க” என்றார், மெதுவாக.